கிழக்கு விளைக்கு ஒரு ஸ்தோத்திரம்

மனித குலத்துக்கு எளிய வாழ்க்கையைக் கற்றுக்கொடுத்தவர்கள் என்று வடக்கே சிலரையும் மேற்கே சிலரையும் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவர்கள் யாரும் உதியன்குளங்கரைக்கு வந்ததில்லை. வந்திருந்தால் ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா கனகதாஸ் அவர்களின் வீட்டு முற்றத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, பாடத்தை முதலிலிருந்து மறுபடி படித்திருப்பார்கள்.

அது எல்லைக் கிளர்ச்சிக் காலம். பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் தமிழ்நாட்டோடு சேருமா, மலையாள ராஜ்யத்தோடு நிற்குமா என்பதை ஒரு கமிஷன் ஆராய்ந்துகொண்டிருந்தது. மார்த்தாண்டத்தில் போலீஸின் வெடிச் சத்தம் கேட்டு வருஷம் ஒன்றாகியும் அதைப் பற்றிப் பேசும்போது ஆட்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். காலையில் தமிழ் ஊர்வலம் போகும். சாயங்காலம் அதே ரோட்டில் மலையாளக் கூட்டம் வரும். முக்கில் பலசரக்குக் கடை வைத்திருந்த தங்கையன், கடைப் பலகையின் ஒரு பக்கத்தில் தமிழிலும் மறுபக்கத்தில் மலையாளத்திலும் பெயரெழுதி, சத்தம் வரும் திசையைப் பார்த்துத் திருப்பி மாட்டிக்கொண்டிருந்தான். ஊரில் தெளிவான கொள்கையோடு இருந்தவன் அவன் ஒருவன்தான்.

கனகதாசுக்கு மொழியைப் பற்றிக் கவலையில்லை. இரண்டு மொழியிலும் அவர் நன்றாக மனு எழுதுவார். அவருடைய கவலை பென்ஷன். ராஜ்யத்தைப் பங்கு வைத்தால் அதை யார் கொடுப்பார்கள்? வடக்கே கேட்டால் தெற்கே போ என்பார்கள். தெற்கே கேட்டால் வடக்கே போ என்பார்கள். களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவில் குடையைப் பிடித்துக்கொண்டு தாம் நிற்கும் காட்சி ஒருநாள் ஜெபத்தின்போது அவர் கண்முன் வந்தது. ஆமென் சொல்வதற்குள் இரண்டு முடிவுகள் எடுத்துவிட்டார். ஒன்று, வருகிற பென்ஷனில் கை வைக்காமல் அப்படியே சேமிப்பில் போடுவது. இரண்டு, இனிமேல் கடையில் எதுவும் வாங்காமல், வீட்டோடு சேர்ந்த விளை என்கிற தோட்டத்தில் விளைவதை உண்டு, விளைந்ததற்கு நன்றி சொல்லி, எளிமையாக வாழ்வது. இரண்டையும் மனைவி ரத்னபாயிடம் அறிவித்தார். கலந்தாலோசித்தார் என்று எழுதினால் அவருடைய உத்தியோக வாழ்க்கைக்கே இழுக்கு.

ஒருவர் மட்டும் எளிமையாக வாழ்ந்தால் அது வறுமை என்று ஊர் தவறாக நினைத்துவிடும். நாலு பேர் சேர்ந்து வாழ்ந்தால்தான் இயக்கம். ஆகவே ‘தன்னிறைவு ஸ்தோத்திர சங்கம்’ பிறந்தது. தலைவர் கனகதாஸ். செயலாளர், சபையில் டீக்கனாராக இருந்த தேவகுமார். சர்வமத சம்மதத்துக்காகக் கோயில் பக்கத்திலிருந்து சிவதாணு பொருளாளராக வந்தார். சங்கத்துக்குப் பொருள் கிடையாது என்பதால் அவருக்கு வேலை சுலபம். முதல் கூட்டத்தில், நாடு வடக்கே போனாலும் தெற்கே போனாலும் மரச்சீனிக் கிழங்கு மண்ணுக்குள்ளேதான் இருக்கும் என்ற வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கமிஷனுக்கு ஒரு பிரதி அனுப்பவும் முடிவாயிற்று. பிறகு ரத்னபாய் தேயிலைச் சாயை கொண்டுவந்து வைத்தாள்.

“இது விளையில உள்ள சாயையா?” என்று சிவதாணு கேட்டார்.

“பழைய இருப்பாக்கும். இது தீந்தா பின்ன சாயை இல்ல,” என்றார் தலைவர்.

“அப்ப இன்னொரு கிளாஸ் தாருங்க. சீக்கிரம் தீரட்டும்.”

மறுநாள் காலை கனகதாஸ் மண்வெட்டியோடு களத்தில் இறங்கினார். வீட்டுக்கு மேற்கே ரோடு. வடக்கே தேவகுமாரின் மதில். தெற்கே கிணறு. கிழக்கேதான் நிலம் நீண்டு கிடந்தது. அதன் வாசலில் முந்திரி காய்க்கும் ஒரு கொல்லாமரம் கிளையைத் தாழ்த்தி நின்றது. தலைவர் அதன் கீழே குனிந்து நுழைந்தார். கிளையில் கூடு கட்டியிருந்த முசுறு எறும்புகள், செங்கொடி பிடித்தவர்களைப்போல, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் அவர் வேட்டிக்குள் ஊர்வலம் போயின. அரசாங்கத்தில் எத்தனையோ அதிகாரிகளின் கடியைத் தாங்கியவர்தான், இது தாங்கவில்லை. மண்வெட்டி ஒரு பக்கம், வேட்டி ஒரு பக்கமாகக் கிணற்றங்கரைக்கு ஓடி வந்தவர், அன்றைக்கே நிர்வாகச் சீர்திருத்தம் ஒன்றைச் செய்தார். கிழக்கு விளை முழுவதும் ரத்னபாயின் பொறுப்பில் விடப்பட்டது. மேற்பார்வை மட்டும் தலைவரிடம் இருக்கும். கொல்லாமரத்துக்கு இந்தப் பக்கம் நின்றே பார்க்கலாம்.

அதற்குப் பிறகு நடந்ததை அற்புதம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? மேற்பார்வை தொடங்கிய முதல் வாரமே இலையில் மரச்சீனியும் பயறும் வந்தன. அடுத்த வாரம் உளுந்து வந்தது. அப்புறம் சம்பா அரிசிச் சோறு. வயலே இல்லாத விளையில் நெல் விளைந்ததைப் பற்றித் தலைவர் ஒரு கணம் யோசித்தார். ரத்னபாய் பரிமாறிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவர் கேட்கவில்லை. கேட்பது விசுவாசக் குறைவு என்று நினைத்திருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடும் என்று நினைத்திருக்கவும் கூடும். உப்பு விளைந்தது, கருப்பட்டி விளைந்தது. ஒருநாள் தீப்பெட்டியும் விளைந்தது. ‘பழைய இருப்பு’ என்று தலைவர் அறிவித்த சாயைப்பொடி, எலியாவின் காலத்து விதவை வீட்டு மாவைப்போல, எடுக்க எடுக்கக் குறையவில்லை.

தினமும் சாயங்காலம் கனகதாஸ் முற்றத்தில் நின்று, கிழக்கே பார்த்துக் கைகூப்பி, சத்தமாக நன்றி சொல்வார். மண்ணுக்கு நன்றி, மழைக்கு நன்றி, மண்புழுவுக்கு நன்றி, மூதாதையருக்கு நன்றி, சங்கத்துக்கு நன்றி. ரோட்டில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். திருப்புறத்திலிருந்தும் கோட்டுகாலிலிருந்தும் ஆட்கள் விளையைப் பார்க்க வந்தார்கள். தலைவர் அவர்களைக் கொல்லாமரம் வரைக்கும் கூட்டிப்போய்க் கையை நீட்டிக் காட்டுவார். அதற்கு அப்பால் ‘ஆராய்ச்சிப் பகுதி’, பிரவேசம் இல்லை. வந்தவர்களுக்கு ரத்னபாய் சாயை போட்டுக் கொடுப்பாள்.

இவ்வளவு புகழிலும் தலைவருக்கு ஒரு சிறு மனக்குறை இருந்தது. ரத்னபாய் லேஸ் பின்னுவாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் வெள்ளைக்கார அம்மையிடம் சின்ன வயதில் கற்ற வித்தை. உருண்டைத் திண்டை மடியில் வைத்து, குண்டூசிகளுக்கு நடுவில் நூல் சுற்றிய மரக்கட்டைகளை அப்படியும் இப்படியும் புரட்டி, நூலில் பூவும் இலையும் உண்டாக்குவாள். வாரம்தோறும் புஷ்பபாய் என்கிற பெண்பிள்ளை வந்து அதை வாங்கிக்கொண்டு போவாள். அது கப்பலேறிச் சீமைக்குப் போவதாகக் கேள்வி. அந்தக் கட்டைகளின் சத்தம் தலைவருக்குச் சொற்பொழிவு தயாரிக்க இடைஞ்சலாக இருந்தது.

அப்போது அறுப்பின் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சபையார் எல்லோரும் தங்கள் விளைச்சலில் ஒரு பங்கை ஆலயத்தில் கொண்டுவைப்பார்கள். சிலர் எழுந்து நின்று நன்றிச் சாட்சி சொல்வார்கள். பிறகு எல்லாவற்றையும் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். ஏலத்துக்கு எல்லா ஜாதிமதத்தாரும் வருவார்கள். இந்த வருஷம் தன்னிறைவு சங்கத்துக்குத் தனி மேசை போடப்படும் என்றும், தலைவரின் கிழக்கு விளைப் பலன் அதன் நடுவில் வைக்கப்படும் என்றும் போதகர் அறிவித்திருந்தார். அதற்கு முன்னால் உறுப்பினர் வீடுகளில் மிச்சமிருக்கும் ஆடம்பரங்களைக் களையெடுக்க அவசரக் கூட்டம் கூடியது.

ஒவ்வொருவரும் அடுத்தவர் வீட்டு ஆடம்பரத்தை ஞாபகப்படுத்தினார்கள். சிவதாணுவின் வெற்றிலை ஜீரணத்துக்கானது என்று ஒதுக்கப்பட்டது. தேவகுமாரின் கோட்டு கர்த்தருக்கு முன்னால் போடுவது. அதைத் தொட முடியாது. தலைவரின் மூக்குப்பொடி சிந்தனைக்குத் தேவை. கடைசியில் தேவகுமார் தொண்டையைக் கனைத்தார்.

“தலைவர் வீட்டில லேஸ் உண்டு. எளிமைக்கும் லேஸுக்கும் என்ன பெந்தம்? நான் சும்மா கேக்குதேன்.”

கனகதாஸ் கண்களை மூடித் திறந்தார். “எழுதுங்க. தியாகம் தலைவர் வீட்டிலேருந்தே தொடங்கட்டும்.”

கூட்டம் கைதட்டியது. ஆபிரகாமாவது பலியிடவேண்டிய மகனை மலை உச்சி வரைக்கும் கூட நடத்திக்கொண்டு போனார். கனகதாஸ் தம் தியாகத்தை, ரத்னபாய் அடுக்களையில் அவர்களுக்குச் சாயை ஆற்றிக்கொண்டிருந்தபோதே முடித்துவிட்டார்.

கூட்டம் கலைந்தபின் தீர்மானத்தை வாசித்துக் காட்டினார். ரத்னபாய் முழுவதையும் கேட்டாள்.

“இனி பின்னப்பிடாது. அப்படித்தானே?”

“எளிமைக்கு வேண்டியாக்கும், ரத்னம்.”

“நல்லா யோசிச்சாக்கும் சொல்லுதியளா?”

“ஏகமனதா நிறைவேறியாச்சு.”

“செரி,” என்றாள். திண்டையும் கட்டைகளையும் பழைய வேட்டியில் பொதிந்து பரணில் வைத்தாள். அந்தச் “செரி”யில் என்ன இருந்தது என்று தலைமைக் குமாஸ்தாவாகப் பல வருஷம் கோப்பு படித்தவருக்குப் படிக்கத் தெரியவில்லை.

அதோடு கிழக்கு விளையில் பஞ்சம் வந்தது. முதலில் சாயையில் கருப்பட்டி மறைந்தது. பிறகு சாயையே மறைந்தது. பயறு நின்றது, சோறு கஞ்சியாயிற்று. கஞ்சி தெளியத் தெளிய, ஒருநாள் அதில் தலைவர் தம் முகத்தைப் பார்த்தார். அவர் சாணம் போடச் சொன்னார். சுண்ணாம்பு தூவச் சொன்னார். சாயங்கால நன்றியை இரட்டிப்பாக்கினார். ரத்னபாய் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். உப்பும் தீர்ந்த அன்றைக்கு, பண்டிகைக்கு முந்தின நாள், தேவகுமார் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, மேசையில் வைக்கத் தலைவரின் கூடை எத்தனை பெரிசு என்று போதகர் கேட்டனுப்பியதாகச் சொன்னார். இனி வேறு வழியில்லை. கனகதாஸ் முழங்கால் வரைக்கும் சாம்பலைப் பூசிக்கொண்டு, வேட்டியைத் தார்ப்பாய்ச்சி, கொல்லாமரத்தின் கீழே குனிந்தார்.

அப்பால் விளை இல்லை. கல்லும் தொட்டாவாடி முள்ளும் இடிந்த தொட்டியும் கிடந்தன. அவற்றின் நடுவில் ஒரு ஒற்றையடிப் பாதை போயிற்று. புல் முளைக்க நேரமில்லாமல் ஆள் நடந்து நடந்து வழுவழுத்த பாதை. அதன் முடிவில் வேலியில் ஒரு இடைவெளி. அதற்கப்பால் ஒரு முற்றம், ஒரு பின்வாசல். வாசலில் தங்கையன் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தான்.

“வாருங்க, தலைவரே,” என்று அவன் முறத்தைக் கீழே வைத்தான். “அம்மைக்கு சொகமில்லியா? கொஞ்ச நாளா காணல்ல.”

கனகதாஸ் கடையையும் பாதையையும் மாறி மாறிப் பார்த்தார். “ரத்னம் இஞ்ச வருவாளா?”

“பின்ன? லேஸு வித்த சக்கரம் கையில கிட்டினா அடுத்தால இஞ்சதான் வருவா. முன்வாசல்ல வந்தா தலைவருக்கு நாணக்கேடாம். அதுகொண்டு பின்வாசல். இப்பம் லேஸு இல்லேன்னு புஷ்பபாய் சொல்லிச்சு. கடனா தாறேன்னு சொல்லியனுப்பினேன், அம்மை வேண்டாம்னுட்டா.”

கனகதாஸ் புளி மூட்டையின்மேல் உட்கார்ந்தார். தம் வீட்டு அரிசி மட்டும்தானா இங்கே விளைந்தது என்று கேட்க வாயெடுப்பதற்குள் தங்கையன் தானாகவே சொன்னான்.

“நீங்க வெசனப்படாதீங்க. சங்கத்தில உள்ள எல்லா வீட்டுக்க கெழக்கும் இதுதான். சிவதாணு அண்ணாச்சி வீட்டுக்கு மட்டும் இது மேக்கு. முன்ன எல்லாரும் மரச்சீனியாவது நட்டாவ. சங்கம் வந்த பொறவு கூட்டம் கூடவே நேரம் செரியாப் போச்சு. ஏவாரம் நல்லா உண்டு. ஒங்களுக்கு நான் நன்றி சொல்லணும்.”

அந்த ஊரில் நன்றியை உரிய இடத்தில் சொன்ன முதல் மனிதன் அவன்தான்.

வீட்டுக்கு வந்தபோது கனகதாசின் கால் முழுவதும் தடித்திருந்தது. முசுறுகள் சாம்பலை மதிக்கவில்லை. ரத்னபாய் ஒன்றும் கேட்காமல் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

“கண்டியளா?”

“கண்டேன்.”

எண்ணெய் தடவும் கை நிற்கவில்லை. கனகதாஸ் அதைப் பார்த்தார். இத்தனை மாதம் தின்ற சோறு முழுவதும் அந்தக் கையிலிருந்து வந்தது என்ற உண்மை அவருக்கு உறைத்தது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே உறைத்தது. ‘நன்றி’ என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அது கூட்டத்துக்குப் போய்ப் பழகிய சொல். வீட்டுக்குள் எப்படி நடந்துகொள்வது என்று தெரியாமல் திரும்பிப் போயிற்று.

“தீர்மானத்தில ஒரு சின்ன திருத்தம் உண்டு,” என்றார். “கைவேலையும் விளைச்சல்தான்னு சேத்துக்கலாம்.”

ரத்னபாய் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து, பெட்டியின் அடியிலிருந்து ஒரு துணியை எடுத்து வந்தாள். ஆலய மேசைக்குப் போடுகிற அளவுக்கு ஒரு விரிப்பு, ஓரமெல்லாம் திராட்சைக்கொடி. தடைக்கு முன்னாலேயே முடித்து, புஷ்பபாய்க்குக் கொடுக்காமல் வைத்திருந்தாள்.

“நாளைக்கு நடு மேசையில இத வச்சுக்கிடுங்க. எனக்கு ஒண்ணும் வேண்டாம். சாட்சி சொல்லும்போ, சபைக்க முன்னால, உள்ளத ஒருக்கா சொன்னா போரும். சொல்லுவியளா?”

“சொல்லுவேன், ரத்னம்,” என்றார். அந்த நேரத்தில் அவர் அதை முழு மனதோடுதான் சொன்னார்.

பண்டிகை ஆராதனை சிறப்பாக நடந்தது. எந்த ராஜ்யத்தில் இருந்தாலும் இந்தச் சபை உம்முடையது என்று போதகர் ஜெபித்தபோது இரண்டு கட்சிக்காரர்களும் ஆமென் சொன்னார்கள். சங்கத்தின் மேசையில் தேவகுமாரின் ஏத்தன் வாழைக்குலை இருந்தது, மற்றவர்களின் சேனையும் காச்சில் கிழங்கும் உளுந்தும் இருந்தன. எல்லாவற்றிலும் தங்கையன் கடைச் சணல் கயிற்றால் ஒரே மாதிரி முடிச்சுப் போட்டிருந்தது. நடுவில் லேஸ் விரிந்து கிடந்தது. சபையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. போதகர், தலைவர் சாட்சி சொல்வார் என்றார்.

கனகதாஸ் எழுந்தார். பெண்கள் பக்கத்தில் மூன்றாவது பாயில் ரத்னபாய் முக்காட்டைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் கை மடியில் சும்மா கிடந்தது. “இந்த லேஸ்...” என்று தொடங்கினார். “இந்த லேஸ் எங்கேருந்து வந்ததுன்னா...”

தேவகுமாரின் முகம் வெளுத்தது. ஏலத்துக்காக வெளியே காத்திருந்த சிவதாணு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தலைவர் ஒரு உண்மையைச் சொன்னால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு எத்தனை உண்மை வெளியே வரும் என்று பயந்து எல்லா உறுப்பினரும் கண்ணாலேயே கெஞ்சினார்கள். கனகதாஸ் அவர்களைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். ரத்னபாயை மட்டும் பார்க்கவில்லை.

“கைவேலையும் விளைச்சல்தான்னு சங்கம் புதுசா தீர்மானிச்சிருக்கு,” என்று குரலை உயர்த்தினார். பிறகு நன்றி சொன்னார். அவருடைய பொதுவாழ்வில் அத்தனை விரிவாக அவர் நன்றி சொன்னதில்லை. ஆண்டவருக்கு, மண்ணுக்கு, மழைக்கு, போதகருக்கு, சங்கத்துக்கு, செயலாளருக்கு, லேஸ் கற்றுக்கொடுத்த வெள்ளைக்கார அம்மைக்கு, நூலுக்கு, நூல் தந்த பருத்திக்கு. எல்லாம் முடிந்தும் ஏதோ பாக்கி நிற்பது அவருக்கே தெரிந்தது. ஒரு நிமிஷம் தயங்கினார். சபை காத்திருந்தது. ரத்னபாய் காத்திருந்தாள்.

“கடைசியா,” என்று அவர் குரல் தழுதழுத்தது, “இவ்வளவு காலமும் கண்ணுறங்காம எங்க கிழக்கு விளையைக் காத்த முசுறு எறும்புகளுக்கும் நன்றி.”

சபை உருகிப்போயிற்று. அற்பப் பிராணிக்கும் நன்றி சொல்லும் இந்தத் தாழ்மையைப் போதகர் தம் ஜெபத்தில் சேர்த்துக்கொண்டார். தேவகுமார் கண்ணைத் துடைத்தார். அது நிம்மதிக் கண்ணீர் என்பது அவருக்குத் தெரியும்.

ஏலத்தில் தங்கையன் குலையையும் சேனையையும் உளுந்தையும் ஒன்று விடாமல் எடுத்துக்கொண்டான். அவற்றைக் கடைக்குத் தூக்கிச் செல்ல ஆளும் வண்டியும் காலையிலேயே சொல்லி வைத்திருந்தான். லேஸ் வந்தபோது மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று சிவதாணு விசாரித்தார்.

“அதுக்க வெல எனக்குத் தெரியும். அதுகொண்டாக்கும் கேக்காதது,” என்றான். யாரும் கேட்காததால் போதகர் அதை ஆலய மேசைக்கே விரித்துவிட்டார்.

கனகதாஸ் எல்லோருடைய கையையும் குலுக்கிவிட்டு வீட்டுக்கு வந்தபோது நல்ல பசி. ரத்னபாய் முன்னாலேயே வந்திருந்தாள். பரணிலிருந்த திண்டு அவள் மடியில் இருந்தது; கட்டைகள் சடசடவென்று ஓடிக்கொண்டிருந்தன. தலைவர் பலகையைப் போட்டு, தாமே இலையையும் விரித்து, தண்ணீர் தெளித்து உட்கார்ந்தார்.

“ரத்னம், சோறு.”

அவள் கட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எறும்புகிட்ட கேளுங்க.”

அவர் அடுக்களைப் பக்கம் பார்த்தார். பானை கவிழ்ந்திருந்தது. இலை வெறுமையாகக் கிடந்தது. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து கனகதாஸ் அவர்கள், கடைச் சரக்கோ பிறர் உழைப்போ கலவாமல், முழுக்க முழுக்கத் தம் கையால் விளைவித்ததை மட்டும் உண்டது அந்த ஒரு வேளைதான்.